அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதுங்கள்

பக்கவாதம் வந்தவர்களைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்களுக்கும் வார்டு செவிலியர்களுக்கும், வணக்கம்.

அப்பாவுக்கு முதல் தடவை வந்தது மூளை ரத்தக்குழாயில் சின்ன அடைப்புதான். வலது கை மரத்துப்போய், நாக்குக் குழறியது. நேரத்தோடு கொண்டுபோனோம், நன்றாகவே பார்த்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவர், பத்தே நாளில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. கை சரியாகிவிட்டதால் நோயும் போய்விட்டது என்று நினைத்தோம்.

டிஸ்சார்ஜ் தாளில், ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலுக்கு நேரே 21 நாள் என்று இருந்தது. அதே வேலை செய்யும் ஆஸ்பிரினுக்கும், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினுக்கும் நேரே, தொடர வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். 1-0-1 என்று எழுதினால் எங்கள் ஊரில் படிக்காதவருக்கும் புரியும். அந்த ஒற்றைச் சொல் கண்ணில் படவில்லை. 21 நாள் முடிந்து தம்பி தாளோடு மருந்துக்கடைக்குப் போனபோது, “கோர்ஸ் முடிஞ்சிருச்சு போல” என்று ஒரு பேச்சு வந்திருக்கிறது. அதை முதலில் சொன்னது யார் என்று வீட்டில் இன்றும் தகராறு. போனில் தாளைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பினான். ஆங்கிலம் படித்த நானும் “சரி, நிறுத்திடலாம்” என்றேன். மூன்று மாத்திரைகளும் ஒரே நாளில் நின்றன.

நான்காம் மாதம் இரண்டாவது அடைப்பு. இப்போது அப்பாவுக்குப் பேச்சு இல்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த 21 நாளுக்குக் காரணம் இருக்கிறது. அடைப்பு வந்த முதல் சில வாரங்களில்தான் அடுத்தது வரும் ஆபத்து மிக அதிகம். சிறிய பக்கவாதம் வந்தவர்களுக்கு முதல் 21 நாள் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலும் கொடுத்துப் பார்த்தது 2013-இல் வெளியான சீன ஆய்வு ஒன்று. 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள், ஆஸ்பிரின் மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 11.7, இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களில் 8.2. இரண்டையும் வெகுநாள் சேர்த்துக் கொடுத்தால் ரத்தக்கசிவு பயம் உண்டு என்பதால் பிறகு ஒன்றை நிறுத்துகிறீர்கள். ஒன்றைத்தான். அதற்கப்புறமும் ஆபத்து விட்டுப்போவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வந்த கணக்குப்படி, ஓராண்டில் நூற்றில் சுமார் 11 பேருக்கும் ஐந்தாண்டில் சுமார் 26 பேருக்கும் மறுபடி வந்திருக்கிறது. இதில் ஒரு எண்ணைக்கூட எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

பிசியோதெரபியின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. நேற்றுத் தூக்காத கை இன்று தூக்கும். புறா ரத்தம் தடவச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடக் காட்ட ஏதோ இருந்தது. ஆஸ்பிரின் வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காத ஒன்றுக்காக தினமும் மாத்திரை போடு என்றால், காரணம் சொல்லாமல் யார் போடுவார்?

குறுஞ்செய்தி அனுப்புகிறோமே என்று சொல்லாதீர்கள். இந்தியாவில் 31 மருத்துவமனைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வந்த முடிவு: மாத்திரையை விடாமல் போடும் பழக்கம் மேம்பட்டது, ஆனால் ஓராண்டில் மறுபடி பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆகவே நான் கேட்பதும் மந்திரமில்லை என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் தவறியது பழக்கம் இல்லை. முதல் நாளிலிருந்தே தப்பாகப் புரிந்துகொண்டோம்.

கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே எதற்காக என்று தமிழில் ஒரு வரி வேண்டும். நிறுத்த வேண்டியதற்கு “இன்ன தேதியோடு இதை மட்டும் நிறுத்தவும்” என்று தேதி போடுங்கள். மற்றதற்கு “டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது”, பல் பிடுங்கப் போனாலும் கேட்டுவிட்டுத்தான் என்று. பிரஷர் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற எண்ணும் வேண்டும். தாளைக் கையில் கொடுக்கும்போது, மாத்திரை வாங்கப் போகிறவரைக் கூப்பிட்டு, “எதை எப்போ நிறுத்துவீங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் தம்பியிடம் அதைக் கேட்டிருந்தால், அவன் தப்பான பதில் சொல்லியிருப்பான். அங்கேயே திருத்தியிருப்பீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்
திருப்பூர்