பரணில் இருந்ததை இறக்கிவிட்டேன், அண்ணா

அண்ணா,

அம்மாவின் வருஷ திதிக்கு வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாய். அதைப் பற்றி எழுத வரவில்லை. அண்ணி இதைப் படிப்பார்கள், கொருக்குப்பேட்டை அத்தை வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள், அதனால் அந்தக் கையெழுத்து விவகாரம் எதுவும் இங்கே வேண்டாம். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், போதும்.

நீ போன மறுநாள் பரணைச் சுத்தம் பண்ணினேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், அம்மாவின் பச்சைப் புடவையில் சுற்றி உன் ஈக்வலைசர் இருந்தது, பாட்டின் கனத்த சத்தத்தையும் கீச்சுச் சத்தத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற அந்தப் பெட்டி. நீ அதை வெறும் அட்டைப்பெட்டியில்தான் போட்டு ஏற்றினாய், எனக்கு நினைவிருக்கிறது. புடவை சுற்றியது அம்மாவாகத்தான் இருக்கும். வயர்கள்கூட அப்படியே இருந்தன. முனையில் மருந்து பிளாஸ்திரியை ஒட்டி, நீல பால்பென்னால் 'உள்ளே', 'வெளியே' என்று எழுதியிருந்தாய். 'ளே'வில் கொம்பு கொஞ்சம் நீண்டு தொங்குகிறது. இப்போதும் அப்படித்தான் எழுதுகிறாயா?

அன்று ராத்திரியைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1994, தீபாவளி போனஸ் வந்த வாரம். பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் செட், ஜப்பானில் நூறு வோல்ட் என்பதால் கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருக்கும், அதன் சூட்டுக்குப் பூனை வந்து படுக்கும். தெரு சவுண்ட் செட் ஆள் பேச்சைக் கேட்டு முதலில் ஸ்பீக்கர் வயரையே ஈக்வலைசரில் கொடுக்கப் பார்த்தாய். நல்ல வேளை, பின்பக்கம் அதற்கு இடமே இல்லை. சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற ஆம்பின் பவரை அதற்குள் விட்டிருந்தால் அன்றைக்கே புகைந்திருக்கும். அப்புறம் வேலை செய்யும் இடத்தில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாய், அதை இன்றைக்கும் யாருக்காவது சொல்லும்போது உன் வார்த்தையிலேயேதான் சொல்கிறேன்: "பாட்டு ஆம்ப்ல இருக்குற ரெக் அவுட்ல வெளிய போவுது, ஈக்வலைசருக்குள்ள லைன் இன்ல பூந்து குளிச்சிட்டு, லைன் அவுட்ல வந்து, டேப் பிளேல திரும்பி வீட்டுக்குள்ள வருது." சிவப்பு வலது, வெள்ளை இடது. டேப் ஓட்டைகளை ஈக்வலைசர் எடுத்துக்கொண்டதால், கேசட் டெக்கைப் பிடுங்கி ஆம்பில் ஆக்ஸ் என்கிற வேறு ஓட்டையில் போடு என்றாய். செட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம், எட்டாவது படிக்கிற என் உடம்புதான் அதில் நுழையும், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொருகினேன்.

கேசட் ஓடியது. ஈக்வலைசரில் பச்சையும் சிவப்புமாக லைட் ஆடியது. ஆனால் அதன் முன்பக்கத்துக் குச்சியை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் சத்தத்தில் துளி மாற்றம் இல்லை. பேஸ் பக்கத்துக் குச்சிகளை, 31, 63, 125 என்று போட்டிருப்பதை, கூரை வரை தள்ளினாய். ஒன்றும் இல்லை. "ஏமாத்திட்டான்டா, உள்ள வெறும் லைட்டுதான்டா இருக்குது" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஒரு மாசச் சம்பளம் அது.

நான் பின்னாலிருந்து வெளியே வந்து, எழுந்திருக்க ஆம்பின் மேல் கையை ஊன்றினேன். கட்டைவிரல் டேப் மானிட்டர் பட்டனில் பட்டது. அவ்வளவுதான். பீரோ கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் நகர்ந்து ஓரத்துக்கு வந்தது, அடுப்படியிலிருந்து அம்மா "கூட்ஸ் வண்டி போவுதா?" என்று கேட்டார்கள். நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். அந்தப் பட்டனை அமுக்கினால்தான் வெளியே போன பாட்டு திரும்பி உள்ளே வரும், இல்லையென்றால் ஆம்ப் அதைக் கண்டுகொள்ளாது, லைட் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அவ்வளவு சின்ன விஷயம்.

மறுநாள் காலையில் குழாயடியில் நின்று, நீதான் கண்டுபிடித்தாய் என்று சொன்னாய். நைனாவிடமும் அப்படியே சொன்னாய். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அறையில்கூட அந்தக் கதையைச் சொன்னாய், நான் பக்கத்தில் சோடா பாட்டில் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷம் கழித்து இதைக் கேட்பது சில்லறைத்தனம்தான். இருந்தாலும் சொல்கிறேன், அந்தப் பட்டனை அமுக்கியது நான்.

சரி, இனி என் பக்கத்துக் கணக்கு.

ட்வீட்டர், கீச்சுச் சத்தம் தருகிற சின்ன ஸ்பீக்கர், இரண்டும் போனது ஈக்வலைசரால் இல்லை. நீ நைட் ஷிப்டுக்குப் போன அந்தச் சனிக்கிழமை, பசங்களைக் கூட்டி வந்து கானா கேசட் போட்டேன். இரண்டு ஓரத்துக் குச்சிகளும் உச்சியில், நடுவில் பள்ளம், சிரிக்கிற வாய் மாதிரி. வால்யூம் முக்கால்வாசிக்கு மேலே. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வந்தது, அப்புறம் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. நான் எல்லாக் குச்சியையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நீ பர்மா பஜாருக்குப் போய்ச் சண்டை போட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். அந்த ஆள் உன்னை என்னவெல்லாம் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. பீச் ஸ்டேஷன் எதிரில் எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய், அதையும் குடித்தேன். மன்னித்துக்கொள்.

ஆனால் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பன்னிரண்டு டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் கிட்டத்தட்ட 16 மடங்கு பவர் வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாற்பது வாட் ஆம்ப் அதைக் கொடுக்க முடியாமல் அலையின் தலையை வெட்டும், வெட்டினால் ட்வீட்டர்தான் முதலில் வேகும். ஏற்றுவதைவிட வேண்டாததை இறக்குவதுதான் முறை என்று இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீயும் ஸ்பீக்கர் பெட்டி செய்தபோது காசு மிச்சம் என்று ட்வீட்டருக்குக் காவலாக ஒற்றைக் கண்டென்சர் மட்டும் வைத்தாய். "தொடாதே" என்று மட்டும்தான் சொல்வாய், ஏன் தொடக்கூடாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போதும் நீ அப்படித்தான் பேசுகிறாய். இதற்கு மேல் எழுதினால் அந்த விவகாரத்துக்குப் போய்விடும்.

ஒன்று மட்டும் சொல்லியே ஆகவேண்டும். டெக்கை ஆக்ஸில் போட்டோம் இல்லையா, அதில் பாட்டு ஆம்புக்குள் வரும், ஆம்பிலிருந்து டெக்குக்குப் போகாது, அதனால் அன்றிலிருந்து செட் ரேடியோவிலிருந்து ரெக்கார்ட் பண்ண முடியவில்லை. அம்மா ரேடியோ நாடகம் பிடித்து வைப்பார்கள், டீ பொட்டலத்தின் மேல் எழுதி கேசட் மூடிக்குள் செருகி வைப்பார்கள், நினைவிருக்கிறதா? இரண்டு மூன்று தடவை கேட்டார்கள். "அதெல்லாம் இனி முடியாதும்மா" என்றாய், நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். ஈக்வலைசரைப் பரணில் போட்ட பிறகுகூட டெக்கை பழைய இடத்துக்கு மாற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் ஈக்வலைசரின் பின்பக்கத்தைத் துணியால் துடைத்தேன். லைன் இன், லைன் அவுட் பக்கத்திலேயே இன்னும் நாலு ஓட்டை. மேலே டேப் என்று எழுதியிருக்கிறது. ரெக், பிளே. டெக்கை மாட்டுவதற்கென்றே வைத்தது. அதில் மாட்டியிருந்தால் அம்மா நாடகம் பிடித்திருக்கலாம். ஒரு கீறல்கூட இல்லாமல் புத்தம் புதிதாகப் பளபளக்கிறது. நான்தானே அன்றைக்கு டார்ச்சோடு அங்கே இருந்தேன், அது என் கண்ணில் படவே இல்லை.

ஆம்ப் ஹாலில்தான் இருக்கிறது, சாமி படம் வைக்கிற மேடையாக. படத்தை நகர்த்திவிட்டு எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். குச்சிகளில் கிளீனர் அடித்து ஐம்பது தடவை மேலும் கீழும் இழுத்த பிறகு கரகரப்பு போய்விட்டது. டெக்கை அதற்குரிய ஓட்டையில் சொருகினேன். அம்மாவின் நாடக கேசட்டுகள் பதினொன்று இருக்கின்றன, இரண்டில் பூஞ்சை.

ஈக்வலைசரை உனக்குத் தருவதாக இல்லை. உன் மாமனார் வீட்டில் இன்னும் "பாரிஸ் கார்னர் பக்கம்" என்றுதான் நம் வீட்டைச் சொல்கிறாயாம், தண்டையார்பேட்டை என்று வாயில் வராதாம். அந்த வீட்டுக்கு இது போக வேண்டாம். கேட்க வேண்டுமென்றால் இங்கே வா, மெட்ரோ வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

வலது பக்க ட்வீட்டரை நான் வாங்கி மாட்டிவிட்டேன். இடது பக்கம் உன் செலவு. எட்டு ஓம், பெட்டி ஓட்டை மூன்று இன்ச். வாங்குவதற்கு முன்னால் போன் பண்ணு, தப்பான அளவில் வாங்கிவிடாதே.