தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிரல் துண்டுகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டக் கல்லூரிகளில் நிரல் எழுதப் பழகும் மாணவர்கள், சொல்லின் நீளம் பார்க்க, பட்டியலை வரிசைப்படுத்த என்று சின்னச் சின்ன நிரல் துண்டுகளைச் சேர்த்துவைக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்காக எழுதப்பட்டவை. ஊர்வரிக் கணக்கோ நூலக உறுப்பினர் பட்டியலோ வந்தால் சறுக்கிவிடுகின்றன.

'தோவாளை' மூன்றெழுத்து. பைத்தான் நிரல்மொழியில் நீளம் சொல்லும் 'லென்' அதை 6 என்கிறது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளுக்குத் தனிக் குறியீடு உண்டு; 'லென்' அவற்றையும் எண்ணிவிடுகிறது. சில கோப்புகளில் அதே ஊர் 7 ஆகும். அங்கே ஓகாரக் குறி, ஏகாரக் குறியும் துணைக்காலுமாகப் பிரிந்து கிடக்கிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் பெயர் அகப்படாது. எனவே எந்தப் பெயர் உள்ளே வந்தாலும் முதலில் பைத்தானின் 'நார்மலைஸ்' செயற்கூற்றில் 'என்எஃப்சி' (பிரிந்த குறிகளைச் சேர்க்கும் வடிவம்) கொடுத்து ஒரே வடிவாக்க வேண்டும். 'சௌ' என்பதைச் 'செ', 'ள' என்று தட்டியிருந்தால் இதுவும் உதவாது. ஆள் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

வரிசைதான் பெரிய தொல்லை. அகராதிப்படி மண்டைக்காடு முன்னே, மணவாளக்குறிச்சி பின்னே. பைத்தானில் வரிசைப்படுத்தும் 'சார்ட்டட்' தலைகீழாகத் தருகிறது, ஏனென்றால் யூனிகோடில் புள்ளியின் எண் எல்லா மெய்களுக்கும் பிந்தியது. ன, ற இரண்டும் ந, ர அருகிலேயே உட்கார்ந்திருப்பது இன்னொரு கோளாறு.

தீர்வு இருபது வரிக்குள் அடங்கும். உயிர் 12, ஆய்தம், பிறகு ஒவ்வொரு மெய்யும் அதன் 12 உயிர்மெய்யுமாக 247 எழுத்தையும் இரண்டு சுழற்சியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கவும். கிரந்த எழுத்துகள் கடைசியில். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க, எழுத்துக் கோலங்களைத் தேடும் 'ரீ' தொகுதியில் ஒரு கோலம் போதும்: ஃ முதல் ஹ வரை ஏதேனும் ஒன்று, அதையடுத்து இருந்தால் துணைக்கால் முதல் புள்ளி வரை ஒரு குறி; இதில் அடங்காத எதுவானாலும் தனியொன்றாக. அப்படிப் பிரித்த எழுத்துகளின் எண் பட்டியலை 'சார்ட்டட்'டுக்கு 'கீ'யாக (ஒப்பிடும் அளவாக) கொடுக்கவும். இடைவெளியும், பெயரின் முதலெழுத்தை (இனிஷியலை) அடுத்து வரும் புள்ளியும் 247-இல் இல்லை; அவற்றுக்கு 0 என்று வைக்காவிட்டால் நிரல் பாதியில் நின்றுவிடும்.

பட்டியலைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பாக எழுதும்போது எழுத்துக் குறியாக்கத்தை 'யுடிஎஃப்-8-சிக்' என்று குறிக்கவும். வெறும் 'யுடிஎஃப்-8' ஆனால் எக்செலில் தமிழ் சிதைந்து தெரியக்கூடும்.

கல்லூரிகள் இவற்றை முதலாண்டு ஆய்வகப் பயிற்சியிலேயே சேர்க்க வேண்டும். சோதித்துப் பார்க்கத் தோவாளை, மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி மூன்றும் போதும்.

இப்படிக்கு,
நிரலர் ஒருவர்,
தக்கலை.