காபுகி முகங்களுக்கு வெளிச்சமே பகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் மரபு நாடகமான காபுகியின் நடிகர்களைக் காட்டும் மரச்செதுக்கு அச்சுப் படங்களால் வரவேற்பறையை அழகுபடுத்துவது பற்றி வீட்டு அலங்காரப் பக்கத்தில் வந்த கட்டுரை குறித்து எழுதுகிறோம். அதில் இரண்டு யோசனைகள் ஆபத்தானவை. ஒன்று, படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்துச் சட்டம் போடுவது. மற்றொன்று, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டி மேலே ஸ்பாட் லைட் வைப்பது. இயந்திரத்தில் அடித்த போஸ்டருக்கு இதெல்லாம் பரவாயில்லை. எடோ காலத்து (1603–1868) அசல் தாங்காது.

'ஜப்பானியரின் அடக்கமான மண் நிற ரசனை' என்று கட்டுரை மெச்சுகிறது. அந்த மண் நிறத்தில் பெரும்பகுதி வெளிச்சம் தின்றதன் மிச்சம். 18ஆம் நூற்றாண்டுப் படங்களில் சிவப்பு குசும்பப்பூவிலிருந்து வந்தது. நீலத்துக்குப் பெரும்பாலும் ட்சுயுகுசா என்ற சிறு செடியின் பூச்சாறு. இரண்டும் வெளிச்சத்துக்கு நிற்காதவை. நீலம் ஒரு துளி தண்ணீர் பட்டாலே கரைந்துவிடும். இரண்டையும் கலந்து எடுத்த ஊதா இன்று பழுப்பாகத்தான் தெரிகிறது. பெண் வேடமிடும் ஒன்னகதா நடிகர்களின் (நம் நாடகக்காரர்கள் ஸ்திரீபார்ட் என்பார்களே, அதுதான்) நெற்றியில், மழித்த முன்தலையை மறைக்க ஒரு ஊதாத் துணி இருக்கும். பல படங்களில் அது கறைபோல் தெரிவது இதனால்தான். அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போனால் படம் போயிற்று. 1830 வாக்கில் பரவிய பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை நிறமி எவ்வளவோ தேவலை. 1860களுக்குப் பின் வந்த அனிலின் என்ற செயற்கைச் சாயங்கள், ஓவியர் குனிச்சிகாவின் நடிகர் படங்களில் கண்ணைப் பறிக்கும் அந்தச் சிவப்பும் ஊதாவும், ஈரம் பட்டால் கசியும்.

இத்தகைய காகிதப் படங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வெளிச்ச வரம்பு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவை). பகலில் ஜன்னலோரம் அது ஆயிரங்களில் போகும். சேதம் கூடிக்கொண்டே போவது. விளக்கை அணைத்தால் திரும்பி வராது. 'புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாயிற்றே' என்று நிம்மதி கொள்ள முடியாது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இந்தச் சாயங்களை வெளிறச் செய்யும். அருங்காட்சியகங்களே சில மாதங்கள் காட்டிவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் இருட்டில் ஓய்வு கொடுக்கின்றன.

சட்டத்துக்கு வருவோம். ஓபான் எனப்படும் வழக்கமான தாள் அளவு ஏறத்தாழ 39 × 26 செ.மீ. காகிதம் கோசோ மரப்பட்டையின் நாரில் செய்த வாஷி. ஈரப்பதம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். நான்கு விளிம்பையும் ஒட்டினால் அலை அலையாக நெளியும். மேல் விளிம்பில் மட்டும், இரண்டு இடத்தில், சிறு வாஷித் துண்டுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவதே முறை. செல்லோ டேப்பின் பழுப்புக் கறை காகிதத்தின் நாருக்குள் ஊறிவிடும். முன்னும் பின்னும் அமிலமற்ற அட்டை வேண்டும். சாதாரணப் பழுப்பு அட்டை சில ஆண்டுகளில் படத்தைச் சுற்றி எரிந்தாற்போல் ஒரு கோடு போடும்.

கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி ஏன்? ஈரம் உள்ளே பனித்தால் நிறம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஓவியர் ஷாரகு 1794இல் வரைந்து, ட்சுதயா ஜூசபுரோ வெளியிட்ட 28 மார்பளவுப் படங்களில் பின்னணி முழுக்கக் கருமை கலந்த மைக்கா (அப்பிரகம்) தூள். உரசினாலே உதிரும். அதற்கு 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். மைக்கா உதிரும் நிலையில் இருந்தால் அக்ரிலிக் தகடும் வேண்டாம்; அதன் நிலைமின்சாரம் தூளை இழுக்கும். சட்டத்தின் பின்மூலைகளில் சிறு ரப்பர் குமிழ்கள் வைத்தால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். பூஞ்சைப் புள்ளியும் இராமபாணப் பூச்சியும் குறையும்.

மவுண்ட் ஜன்னலுக்கு, அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையின் திறப்புக்கு, பொருந்தவில்லை என்று படத்தின் ஓரத்தை வெட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஓரமும் அதையொட்டிய முத்திரைகளும்தான் படத்தின் ஜாதகம். வட்டமான 'கிவாமே' தணிக்கை முத்திரை தனித்து நின்றால், 1790களுக்கும் 1842க்கும் இடைப்பட்டது என்று பொதுவாகக் கொள்ளலாம். அந்த 1842இல் நடிகர் படங்களுக்கே தடை வந்தது. பின்னர் தலையெடுத்தபோது பல படங்களில் நடிகர் பெயர் இல்லை; ஆடையில் உள்ள குடும்பச் சின்னத்தையும் முகச்சாயலையும் வைத்துத்தான் ஆளைச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் என்றால், தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர் தாங்கிவந்த காபுகி நடிகர்களான டான்ஜூரோ குடும்பம்.

சுவருக்கு எங்கள் பரிந்துரை, இன்றைய செதுக்குக் கலைஞர்கள் புதுக் கட்டையில் செதுக்கிக் கையால் அச்சிடும் மறுபதிப்பு. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் புள்ளி வலை தெரிந்தால் அது இயந்திர அச்சு. கையச்சில் நிறம் காகிதத்தின் பின்புறம் வரை ஊறியிருக்கும். பாரென் என்ற தேய்ப்பட்டையின் சுழல் தடமும் தெரியலாம். ஒரு மீட்டருக்குப் பெரிதாக்கி மாட்டும் மோகம் எங்களுக்கு உடன்பாடில்லை. கையில் வைத்து, சாய்த்துப் பார்க்கச் செய்த படம் இது. சாய்க்கும்போது மினுங்கும் மைக்கா, பெரிதாக்கிய போஸ்டரில் வெறும் சாம்பல். அசல் அளவிலேயே, உட்கார்ந்தால் கண்மட்டத்தில் வரும்படி மாட்டுங்கள்.

மூன்று தாள் படமென்றால் தனித்தனிச் சட்டம் வேண்டாம். ஒரு தாளில் ஓங்கிய வாள் அடுத்த தாளில்தான் முடியும். ஒரே மவுண்டில், நடுவே சில மி.மீ. விட்டு வையுங்கள்.

இன்னொன்று. 'மனதுக்கு இதமான வெளிர்நீல உடை நடிகர்' என்று படுக்கையறைக்குக் கட்டுரை சிபாரிசு செய்தது ஷினி-எ, அதாவது இறந்த நடிகருக்கான நினைவுப் படம். வெளிர்நீலச் சடங்கு உடை, இறந்த தேதி, இறப்புக்குப் பின் சூட்டிய பௌத்தப் பெயர் எல்லாம் அதில் இருக்கும். எட்டாம் டான்ஜூரோ 1854இல் ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டபோது இப்படிப் பல படங்கள் வெளிவந்தன. மாட்டுவதும் மாட்டாததும் அவரவர் விருப்பம். எழுத்தைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் வைத்திருப்பவர்கள் அதைப் பிய்த்தெடுக்க வேண்டாம். நீராவி காட்டவும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே, காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
காகிதப் படங்களுக்குச் சட்டமிடும் வாசகர்கள்