டிசம்பர்தோறும் சேரும் பெயர்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நான் புறப்படுவதற்கு முந்தின நாள் கைக்கு வந்தது. பேத்திக்குப் பல் முளைத்ததையும் உன் முழங்கால் வலி குறைந்திருப்பதையும் படித்து மகிழ்ந்தேன். மற்றவற்றுக்கு அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன். இன்று காலை பார்த்ததை முதலில் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

ஜப்பானில், கோபே நகரத்தில் இருக்கிறேன். 1995 ஜனவரி 17 காலை 5.46 மணிக்கு நிலநடுக்கத்தில் குலைந்த ஊர் இது. இன்றும் ஜனவரி 17. மாநகராட்சிக் கட்டடத்தை ஒட்டியிருக்கும் ஹிகாஷி யூயென்சி பூங்காவுக்கு இருட்டோடு போய்விட்டேன். மூங்கில் குழாய்களில் தண்ணீர் ஊற்றி, மெழுகுவத்திகளை மிதக்கவிட்டு, 1.17 என்ற வடிவத்தில் அடுக்கியிருந்தார்கள். 5.46 ஆனதும் அத்தனை கூட்டமும் அசையாமல் நின்றது. அணைந்துபோன ஒரு சுடரை மறுபடி ஏற்றக் குனிந்த ஒரு மூதாட்டி, குனிந்தபடியே இருந்துவிட்டார்.

அந்தப் பூங்காவில் அணையாவிளக்கு ஒன்று இருக்கிறது. நாட்டின் 47 மாகாணங்களிலிருந்தும் கொண்டுவந்த நெருப்பைச் சேர்த்து ஏற்றியதாம். 2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு அதிலிருந்து நெருப்பெடுத்து, அந்த அலையில் அழிந்த ரிக்குசென்தகாதா என்ற ஊரிலும் ஒரு விளக்கை ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் நான் உனக்கு எழுத வந்தது அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் பற்றி. 2000ஆம் ஆண்டில் எழுப்பிய நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. அதன் உள்ளறை நிலத்துக்கடியில். கண்ணாடிக் கூரைமேல் தண்ணீர் ஓடுகிறது. அதன் வழியே இறங்கும் வெளிச்சம் சுவர்களில் அலைகிறது. சுவர் முழுக்கப் பெயர்த் தகடுகள், 5,000க்கும் மேற்பட்ட பெயர்கள். வந்தவர்கள் தங்களுக்குரிய பெயரைத் தேடி, அதன்மேல் விரலை வைத்து நிற்கிறார்கள். பேச்சே இல்லை.

சேகர், அந்தத் தகடுகள் ஒரே நாளில் பொறித்து முடித்தவை அல்ல. இன்றும் டிசம்பர் மாதந்தோறும் புதுப் பெயர்கள் சேர்கின்றன. அன்று இடிபாட்டில் இறந்தவர்களோடு, பிழைத்து, அந்தப் பேரழிவின் பாரத்தால் பின்னாளில் இறந்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து இறந்திருந்தாலும் குடும்பத்தார் கேட்டால் சேர்க்கிறார்கள்.

இறந்தோர் 6,434 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. பெரும்பாலோர் தூக்கத்திலேயே, கனமான ஓட்டுக்கூரை போட்ட பழைய மரவீடுகளுக்குள் நசுங்கியவர்கள். அந்தக் கணக்கிலேயே 900க்கும் மேற்பட்டோர் முகாம்களின் குளிரிலும் நோயிலும் பிறகு மடிந்தவர்கள். வீடிழந்தோருக்காக ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகள் கட்டினார்கள். முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை தந்து, குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கினார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் நாற்பது ஆண்டு ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிப்போனார்கள். கதவைத் தட்டி விசாரிக்க அண்டை வீட்டார் இல்லாமல் 200க்கும் மேற்பட்டோர் அந்த வீடுகளில் தனியே இறந்து கிடந்தார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

அந்த அறையில் நின்றபோது உன் அப்பாவின் நினைவுதான். 2004 டிசம்பர் 26இல் அலை அவரை விட்டுவிட்டது. அந்தத் தகரக் கொட்டகையில் பதினான்கு மாதம் கடலைப் பார்க்காமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாரே. "அப்பா எந்தப் பட்டியலிலும் இல்லையடா" என்று நீ ஒருமுறை சொன்னாய். எனக்கு அப்போது ஒரு பதிலும் வரவில்லை. இங்கே ஒரு நகரம் அவரைப் போன்றவர்களை ஆண்டுதோறும் தேடிச் சேர்க்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். நம் ஊர் நினைவுத் தூணிலும் அவர் பெயர் இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். நான் திரும்பியதும் இருவருமாகப் போய்க் கேட்போம். மனு எழுதுவது என் பொறுப்பு. அவருடைய முழுப் பெயரையும், இறந்த தேதியையும் எழுதி அனுப்பு. கொட்டகையில் அவரோடு இருந்தவர்கள் இன்னும் யார் யார் என்றும் விசாரித்து வை.

நாளை அவாஜி தீவுக்குப் போகிறேன். அன்று நிலம் பிளந்து விலகிய நொஜிமா பிளவை 140 மீட்டர் நீளத்துக்கு அப்படியே கூரை போட்டுக் காத்துவருகிறார்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன். குளிர் எலும்பைத் தொடுகிறது; தங்கை பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையை நீ வற்புறுத்திக் கொண்டுவரச் சொன்னது நல்லதாயிற்று என்று அவளிடம் சொல்.

அன்புடன்,
ராமநாதன்