பச்சையாக இருக்கும் மாதத்தில் சாக்லேட் விற்காதீர்கள்

பினாங்கு, கோலாலம்பூர் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினாலே உங்கள் போஹோல் தீவுச் சுவரொட்டிகள் வந்துவிடுகின்றன. நீல வானம், அதன் கீழே கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் மாதிரி பழுப்பு நிறக் குன்றுகள். படத்தில் பொய் இல்லை. படத்துக்குக் கீழே போட்டிருக்கும் மாதத்தில்தான் பொய்.

பிலிப்பைன்ஸின் அந்தச் சாக்லேட் குன்றுகள் மேல் மரம் அவ்வளவாகக் கிடையாது, புல்தான். அதில் ஒன்று, நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் திட்டிக்கொண்டே வெட்டிய அதே லாலாங். மழையில்லாமல் அது காய்ந்தால்தான் குன்று பழுப்பாகும். ஏறக்குறைய மார்ச் முதல் மே வரை அதைப் பார்க்கலாம். டிசம்பரில் எல்லாம் பச்சைப்பசேல். எங்கள் குடும்பம் அப்போதுதான் போனது. பச்சையும் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குன்றுகளைப் பார்க்கும் மேடையில் நின்று "சாக்லேட் எங்கேப்பா?" என்று பிள்ளைகள் கேட்டதும், கூட வந்த வழிகாட்டி கைப்பேசியில் பழுப்புக் குன்றின் படத்தைக் காட்டிச் சமாளித்தார். டிசம்பர் பயணத்துக்குப் பச்சைக் குன்றின் படத்தையே போடுங்களேன், அதற்கும் வருவோம். பழுப்புதான் வேண்டும் என்பவர்களுக்கு, 2026, 2027 இரண்டிலும் நோன்புப் பெருநாள் மார்ச்சில் வருகிறது. அப்போதும் மழை பெய்து தொலைத்தால் அது உங்கள் தப்பில்லை.

அப்புறம் நேரம். பக்கத்துத் தீவான செபுவில் தங்கவைத்து, விடிந்ததும் விரைவுப் படகில் இரண்டு மணி நேரம் போஹோலின் தக்பிலாரானுக்கு. பிறகு முழித்த கண் தார்சியர் என்ற குட்டி விலங்கு, லோபோக் ஆற்றுப் படகில் சாப்பாடு, மகோகனிக் காடு. எல்லாம் முடிந்து கடைசியில்தான் குன்றுகள் இருக்கும் கார்மென். அங்கே போய்ச் சேரும்போது பாதிப் பேர் தூக்கத்தில். கொடுப்பதோ அரை மணி. போஹோலிலேயே ஓர் இரவு தங்கவைத்து, காலையில் முதல் வேலையாகக் குன்றுகளுக்குக் கூட்டிப்போனால் என்ன?

மேடைக்கு ஏற 214 படிகள். தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி ஏறுகிற கூட்டம் நம்முடையது, பயப்படாது. ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தால், முட்டிவலிக்கார அத்தை கீழே வேனில் உட்கார்ந்து ஒரே ஒரு குன்றின் முதுகைப் பார்க்கக் காசு கட்டியிருக்க மாட்டார்.

வழிகாட்டி சொன்னதெல்லாம் அரக்கர் இருவர் கல்லெறிந்து சண்டை போட்ட கதை. கேட்கச் சுவைதான். ஆனால் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட குன்றுகள் எப்படி வந்தன என்பது அதைவிடச் சுவை. கடலடியில் பவளமும் சிப்பியும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் மேலே எழும்பி, மழைநீரில் கரைந்து கரைந்து இந்த வடிவத்துக்கு வந்தது. பத்துமலையும் சுண்ணாம்புக்கல்தான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று. குன்றுகளுக்கு நடுவே நீச்சல் குளத்தோடு கட்டிய ஓய்விடத்தின் காணொளி 2024 மார்ச்சில் பரவி, நாடே கொதித்து, அதை மூடவைத்தார்கள். 1997லிருந்தே சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம் அது. "குன்றை ஒட்டியே அறை" என்று யாராவது மலிவாக நீட்டினால், தயவுசெய்து எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து ஒரு பயணி