'உயிர் இருக்கிறது' என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அறிவியலின் புதிய கண்டுபிடிப்புகளுக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழில் இவ்வளவு இடம் கொடுப்பவர்கள் குறைவு என்பதால் மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். கே2-18பி என்ற கோளைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் திகைத்துப்போனேன். 'வேற்றுக் கோளில் உயிர்கள்: விஞ்ஞானிகள் உறுதி' என்று தலைப்பு! எந்த விஞ்ஞானி உறுதி செய்தார்? 2025 ஏப்ரலில் அந்த ஆய்வை வெளியிட்ட குழுவின் தலைவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன்கூட அப்படிச் சொல்லவில்லை. இன்னும் பல மணி நேரம் தொலைநோக்கியில் பார்த்தாக வேண்டும் என்றுதான் சொன்னார்.

சிம்ம விண்மீன் கூட்டத்தின் திசையில், 124 ஒளியாண்டுத் தொலைவில் சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த விண்மீனான ஒரு சிவப்புக் குறுமீன் இருக்கிறது. அதை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் இந்தக் கோள் பூமியைவிட 2.6 மடங்கு அகலமானது, எட்டரை மடங்குக்கு மேல் நிறை கொண்டது. அது விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது விண்மீன் ஒளியின் மிகச் சிறு பங்கு கோளின் வளிமண்டல விளிம்பைத் துளைத்துக்கொண்டு நம்மிடம் வருகிறது. எந்த வாயு எந்த அலைநீளத்து ஒளியை விழுங்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே, எங்கே ஒளி குறைகிறது என்று பார்த்து அங்கே என்ன வாயு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் இந்த வழியில் மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் கண்டது. அதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் டைமெதில் சல்பைடில்தான். பூமியில் இதைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். கடற்கரைக் காற்றின் வாடையில் இதற்கும் பங்குண்டு. இதுவோ இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு சேர்மமோ அந்தக் கோளில் இருப்பதற்கான அறிகுறி 'மூன்று சிக்மா' அளவில் தெரிகிறது என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு. அப்படி ஒரு வாயுவே இல்லாமல் இத்தகைய அறிகுறி தற்செயலாகத் தோன்ற ஏறத்தாழ 0.3 சதவீத வாய்ப்பு உண்டு என்று இதற்குப் பொருள். இதைத் தங்கள் கட்டுரையாளர் '99.7 சதவீதம் உயிர் இருப்பது நிச்சயம்' என்று திருப்பிப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கில் உயிர் எங்கே வருகிறது? மேலும், கண்டுபிடிப்பு என்று ஏற்பதற்கு ஐந்து சிக்மா வேண்டும் என்பது வழக்கம். அதில் தற்செயலுக்கு இடம் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

அதற்குப் பின் நடந்ததுதான் சுவையானது. தங்கள் கட்டுரையில் அதில் ஒரு வரிகூட இல்லை! ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் அதே தரவை எடுத்து, எந்த வாயுவும் ஒளியை விழுங்காதபோது கிடைக்கும் வெறும் நேர்கோடே அதற்குப் பொருந்திவிடுகிறது என்றார். மதுசூதனிடமே ஆய்வு மாணவராக இருந்த லூயிஸ் வெல்பேங்க்ஸ், வேறு பல சேர்மங்களும் அதே அளவுக்குப் பொருந்துகின்றன என்று காட்டினார். குருவும் சும்மா இருக்கவில்லை. அவர் குழு பல நூறு சேர்மங்களைச் சோதித்துப் பதில் எழுதியது. இதற்கிடையே ரோசெட்டா விண்கலம் ஆராய்ந்த 67பி வால்மீனில் டைமெதில் சல்பைடு இருந்ததும் 2024லேயே தெரிந்திருந்தது. வால்மீனில் எந்தப் பாசி மிதந்தது?

இதே கோளைப் பற்றி 2019இல் 'நீராவி கண்டுபிடிப்பு' என்று உலகம் முழுவதும் செய்தி வந்தது. ஹப்பிள் தொலைநோக்கி நீராவி என்று காட்டிய அடையாளம் மீத்தேனுடையது என்று ஜேம்ஸ் வெப்பின் தரவு பின்னர் சொன்னது. முன்னதைக் கொட்டை எழுத்தில் போட்ட பத்திரிகைகளில் எத்தனை பின்னதைப் போட்டன? தங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், 'விஞ்ஞானிகள் இன்று ஒன்று சொல்வார்கள், நாளை ஒன்று சொல்வார்கள்' என்று அலுத்துக்கொண்டிருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இடையில் நடந்த வாதத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை.

முடிவு தெரியும் வரை எழுதாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படியானால் புதிய ஆய்வு எதையுமே எழுத முடியாது. அறிகுறி எந்த அளவுக்கு வலுவானது, வேறு யார் சரிபார்த்தார்கள் என்ற இரண்டு விவரங்களைக் கட்டுரையிலேயே சேர்த்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. நீலக் கடலும் வெண்மேகமுமாக அச்சிட்டிருந்த படத்தின் அடியில் 'ஓவியரின் கற்பனை' என்றும் போட்டிருக்கலாம். அந்தக் கோளின் மேற்பரப்பை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அங்கே கடல் இருக்கிறதா என்பதே இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. 'நம் பேரப்பிள்ளைகள் அங்கே போய்வரலாம்' என்று கட்டுரை முடிகிறது. வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் கே2-18பியை அடைய ஏறத்தாழ 22 லட்சம் ஆண்டுகள் ஆகும். அந்த வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி