தெரு வாயிலை அடைத்து நிற்கும் கேஸ் டேங்கர்களை அகற்றக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: கால்வாய்க்கரைத் தெருவாசிகள், மணலி வட்டாரம், வட சென்னை.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
பார்வை: இதே பொருள் குறித்து திங்கள்கிழமை குறைதீர் கூட்டங்களில் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவைத் தாங்கள் அறிவீர்கள். மழை வெள்ளத்தின்போது பார்வையிட வந்த தாங்கள், காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு டேங்கர்களுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்துதான் உள்ளே வந்தீர்கள். அந்தச் சந்துதான் எங்களுக்கு வழி. பின்னால் பக்கிங்காம் கால்வாய், இரு பக்கமும் குடோன் சுவர். வேறு வழி கிடையாது.

1. சென்ற மாதம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு கேஸ் வாடை தூக்கியது. வாயிலில் நின்ற டேங்கர் ஒன்றில் வால்வு கசிவு. "லைட்டைப் போடாதே" என்று ஒருவர் கத்த, கத்துவது யார் என்று பார்க்க இன்னொருவர் லைட்டைப் போட்டார். என் மாமியாருக்குப் பக்கவாதம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். பம்பருக்கும் சுவருக்கும் இடையில் நாற்காலி நுழையவில்லை. தலைக்கு மேலே தூக்கிச் சாய்த்துக் கடத்தினோம். வாடை அதிகம் இருந்ததே அந்த இடத்தில்தான். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கேஸ் கசிந்தால் காற்று வரும் திசையை நோக்கி விலகிப் போக வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு இருப்பதே ஒரு திசைதான் ஐயா, அங்கே டேங்கர் நிற்கிறது.

2. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தாழ்வான இடமாகப் பார்த்து இறங்கும். எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய் அந்த டேங்கர்களுக்கு அடியில்தான் தொடங்குகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு இட்லிக் கடை அடுப்பு எரியும். டிரைவர்களும் வண்டி ஓரத்திலேயே ஸ்டவ் வைத்துச் சமைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. லோடுக்கு முறை வரும்வரை காத்திருக்க ஓர் இடம் கொடுத்திருந்தால் இங்கே ஏன் நிற்கப் போகிறார்கள்?

3. அன்று ரோந்து வந்த காவலர்கள் இருவர், பாவம், வால்வுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி இத்தகைய வண்டிகளின் இரு பக்கமும் பின்புறமும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். அதில் உள்ள எண் 1075 என்றிருந்தால் எல்.பி.ஜி., அதாவது சமையல் கேஸ்; 1005 என்றிருந்தால் அம்மோனியா. எல்.பி.ஜி. என்றால் சுவிட்சைத் தொடாமல் வெளியேற வேண்டும். அம்மோனியா என்றால் பல நேரங்களில் கதவு ஜன்னலை அடைத்து, ஈரத்துணியால் இடுக்குகளை மூடி உள்ளேயே இருப்பதுதான் நல்லது. ஒன்றுக்கு ஓடணும், ஒன்றுக்கு அடைபட்டுக் கிடக்கணும். எதுவென்று எங்களுக்கு யார் சொல்வது? அந்த வண்டியில் பலகை துருப்பிடித்து எண்ணே தெரியவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் தெருவில் ஓடியதைத் தாங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

4. 2025 ஜனவரி 3 அதிகாலை, கோவை உப்பிலிபாளையம் மேம்பாலத்தில் சுமார் 18 டன் கேஸோடு டேங்கர் கழன்று கவிழ்ந்தது. போக்குவரத்தை நிறுத்தினார்கள், சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஏனென்றால் தீயணைப்பு வண்டி பக்கத்தில் போக முடிந்தது. இதற்குச் சில நாள் முன்புதான், 2024 டிசம்பர் 20 அன்று, ஜெய்ப்பூர் – அஜ்மீர் சாலையில் லாரி மோதி டேங்கரிலிருந்து கேஸ் பரவி, முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்தன. எங்கள் தெருவுக்குள் ஆட்டோவே வராது. தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும், கால்வாயில் படகிலா?

5. வழி வேண்டும் ஐயா. அவ்வளவுதான்.

மூன்று மனுக்களுக்கும் ரசீது எண் மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் "அனுப்பியாச்சு" என்றார்கள். எங்கே அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். நாங்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தெரு வாயிலில் டேங்கர் நிறுத்தத் தடை வேண்டும், அது போர்டோடு நிற்காமல் இரவிலும் ஆள் வந்து பார்க்க வேண்டும். கால்வாய்ப் பக்கம் ஒரு நடைபாலம் வேண்டும், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிற அகலத்துக்காவது. காவலர்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து, அந்தப் பலகையைப் படிக்கவும் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்றும் தீயணைப்புத் துறையினர் ஒரு நாள் வந்து சொல்லித்தர வேண்டும். இதில் முதலாவதை மட்டுமாவது இந்த வாரமே செய்யுங்கள். வாயிலை விடச் சொல்லுங்கள் ஐயா, தயவுசெய்து.

மாமியாரின் கட்டிலை இப்போது வாசல் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டோம். நாற்காலி கட்டிலை ஒட்டியே இருக்கிறது.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பில்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)